எதிர்ப்புப் பகுதி காலி

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு அதன் பெற்றோர் ஆதரவாக இருக்கிறார்களா என்பதை இனிமேல் பெற்றோரே சொல்லிக்கொள்ள முடியாது. அதற்கென்று அடையாறில் ஒரு வாரியம் திறந்திருக்கிறார்கள். பெற்றோர் ஆதரவு உறுதிப்பாட்டு வாரியம் என்று பெயர். அது தரும் சான்றிதழ் இல்லாவிட்டால், கல்லூரி விண்ணப்பத்தில் பள்ளிக்கூடம் முத்திரை வைக்காது.

எங்கள் குடியிருப்பில் இதற்கு முதலில் விண்ணப்பித்தவர் கீழ்வீட்டு உமர் ஃபாரூக். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மனைவி ஜஹனாரா. ஒரே மகள் மெஹக். மெட்ரோ ரயிலுக்காகத் தெருவைத் துளைத்தபோது, பூமிக்கடியிலிருந்து உருளை உருளையாகப் பாறையை எடுத்துப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். மெஹக் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் தகர வேலியின் இடுக்கு வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நின்று நின்று, கடைசியில் நிலவியல் படிக்கப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாள்.

"அது இன்னா படிப்பு?" என்று ஃபாரூக் கேட்டார்.

அரை மணி நேரம் சொன்னாள். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி" என்றார்.

தொல்லை இங்கேதான் ஆரம்பித்தது.

விண்ணப்பம் பதினான்கு பக்கம். ஒன்பதாவது கேள்வி: "பிள்ளையின் விருப்பத்துக்குத் தாங்கள் தெரிவித்த எதிர்ப்பு யாது? இருநூறு சொற்களுக்குக் குறையாமல் விவரிக்கவும்." ஃபாரூக் 'இல்லை' என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தார். விண்ணப்பம் திரும்பி வந்தது. 'எதிர்ப்புப் பகுதி காலியாக உள்ளபடியால் ஏற்பதற்கில்லை.'

நான் மேல்வீடு. பெயர் சந்திரமௌலி. இன்சூரன்ஸ் ஆபீசில் இருபத்தாறு வருஷமாக ஃபைல் பார்க்கிறவன் என்பதால் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். போனோம்.

துணை ஒருங்கிணைப்பாளர் சாய்நாத் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"மகள் சொன்னாள், நீங்கள் சம்மதித்தீர்கள். நடுவில் என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல சார்."

"அதைத்தான் நானும் கேட்கிறேன். எதிர்ப்பு, ஆலோசனை, மனமாற்றம், ஆதரவு. மொத்தம் நான்கு படி. நீங்கள் நேராக நான்காவதில் போய் நிற்கிறீர்கள்."

"நமக்கு எதிர்ப்பே இல்லியே சார்."

"எதிர்ப்பு இல்லாதவரின் மனம் எப்படி மாறும்? மாறாத மனத்துக்கு எந்த அடிப்படையில் சான்றிதழ் தருவது? நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?"

இதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. நான் தலையாட்டினேன். ஃபாரூக் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொன்று" என்றார் சாய்நாத். "எதிர்க்காத பெற்றோரை எங்கள் விதி 'அக்கறையற்றோர்' என்ற பிரிவில் வைத்திருக்கிறது. அந்தப் பிரிவில் போட்டுவிட்டால் பெண்ணுக்குத்தான் கஷ்டம். ஏழு நாள் தருகிறேன். முறையாக எதிர்த்து, முறையாக மனம் மாறி வாருங்கள். எதிர்ப்புக்கு அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சிக் கையெழுத்து வேண்டும்."

கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளும் அந்த ஏழாவது நாள்தான்.

மறுநாள் சாயங்காலம் ஃபாரூக் வீட்டு ஹாலில் எதிர்ப்பு ஏற்பாடாகியிருந்தது. சாட்சிகள் நானும் என் மனைவி நீரஜாவும். ஜஹனாரா டீ கொடுத்தாள். வசனத்தை மெஹக்கே எழுதி அப்பா கையில் கொடுத்திருந்தாள்.

"பாறையைப் படிச்சி நீ இன்னா ஆவப்போற?" என்று ஃபாரூக் தாளைப் பார்த்துப் படித்தார்.

"நிலவியலாளர் ஆவேன். பாலம் கட்டுறதுக்கும் சுரங்கம் தோண்டுறதுக்கும் முன்னாடி எங்களைத்தான் கேப்பாங்க."

"அப்டியா? நல்லாத்தானே கீது."

"அப்பா, நல்லாருக்குன்னு சொல்லக்கூடாது."

"சரி."

"சரின்னும் சொல்லக்கூடாது."

மூன்று தடவை முயன்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் நடுவிலேயே சம்மதித்துவிட்டார். ஜஹனாராவைக் கேட்டால், "எனக்குப் பொய்க்கோபம் வராதுங்க, நெஜக்கோபம் வந்தா நீங்க தாங்க மாட்டீங்க" என்றாள். இருநூறு சொல்லில் முப்பதுகூடத் தேறவில்லை. மெஹக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நீரஜாவுக்குப் பொறுக்கவில்லை. "அது எப்படி சொல்லணும்னா" என்று ஆரம்பித்தாள். "பொண் கொழந்த வெயில்ல காட்டுலயும் மேட்டுலயும் அலையணுமா? நாளைக்குக் கல்யாணம்னு வந்தா என்ன படிச்சிருக்கான்னு கேட்டா கல்லுன்னு சொல்றதா? கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துண்டு, சனி ஞாயிறுல பாறை பாத்தா போறாதா?"

உதவி செய்யும் நோக்கத்தோடு நானும் சேர்ந்துகொண்டேன். இன்சூரன்ஸ் ஆபீசில் நான் பார்த்த விபத்துக் கோப்புகளில் சுரங்கம் சம்பந்தப்பட்டவற்றை வரிசையாக எடுத்துச் சொன்னேன். என் அத்தை பிள்ளை ஒருவன் மனசுக்குப் பிடித்ததைப் படித்து இன்னும் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் கதையைச் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு சரளமாக வந்தது. நாற்பது நிமிஷம் பேசியிருப்பேன்.

நாங்கள் சொல்லச் சொல்ல மெஹக் குனிந்த தலை நிமிராமல் விண்ணப்பத்துக்காக எழுதிக்கொண்டிருந்தாள். ஆயிரத்து நூறு சொல் வந்திருந்தது. பேனாவை மூடினாள். முகம் சுண்டியிருந்தது.

ஃபாரூக் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இன்னாம்மா, இதெல்லாம் ஃபாரத்துக்குத்தானே?"

"நீங்க சொன்னது ஃபாரத்துக்கு" என்றாள். "மாமாவும் மாமியும் சொன்னது ஃபாரத்துக்கு இல்லப்பா."

நாங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே வந்துவிட்டோம்.

எதிர்ப்பு முடிந்ததால் அடுத்த படி ஆலோசனை. வாரியம் அங்கீகரித்த ஆலோசகர் ஸ்நேஹா, தி.நகரில் கண்ணாடிக் கதவு போட்ட அறையில் இருந்தார். ஃபாரூக்கின் கையில் மெத்தென்ற பந்து ஒன்றைக் கொடுத்து, உள்ளே இருக்கும் கோபத்தை அதற்குள் செலுத்தச் சொன்னார். ஃபாரூக் பந்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பிறகு திறமை கண்டறியும் விரல் ரேகைச் சோதனை. பத்து விரலையும் கருவியில் வைத்தார்கள். அவருக்கு ஓட்டல் நிர்வாகத்தில் எண்பத்தொன்பது சதவிகிதம் நாட்டம் இருப்பதாக முடிவு வந்தது.

"சோதிக்க வேண்டியது பொண்ணை இல்லியாம்மா?" என்று கேட்டார்.

"மனம் மாறவேண்டியது உங்களுக்குத்தானே சார்" என்றார் ஸ்நேஹா. மனமாற்றச் சீட்டில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

ஏழாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குச் சான்றிதழ் கிடைத்தது. நாலே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்தில் முத்திரை விழுந்தது. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மெஹக் விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றினாள். மே மாதம் பரீட்சை முடிவு வந்தது. ஜூன் மாதம் அவளுக்கு நிலவியலில் இடம் கிடைத்தது. ஃபாரூக் எல்லா வீட்டுக்கும் பிரியாணி கொடுத்தார், சைவம் என்பதால் எங்கள் வீட்டுக்கு மட்டும் சாம்பார் சாதம். அதைக் கொண்டுவந்த மெஹக் என்னிடம் நன்றாகத்தான் பேசினாள். எனக்குத்தான் அவளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வந்திருந்த கோப்புகளிலேயே ஃபாரூக்கின் கோப்புதான் எதிர்ப்புப் பகுதி நிறைந்த கோப்பு என்று வாரியம் கண்டுபிடித்தது. மயிலாப்பூரில் ஒரு சபாவில் விழா. 'முன்மாதிரிப் பெற்றோர்' பட்டம், பொன்னாடை. அறுநூறு பெற்றோர் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தார்கள். ஃபாரூக்கைப் பேசச் சொன்னார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றார். "இன்னா படிக்கணும்னு கேட்டேன். சொல்லிச்சு. புரியற வரைக்கும் கேட்டேன். சரின்னேன். அவ்ளோதான்."

அறுநூறு பேரும் பேனாவோடு காத்திருந்தார்கள். அவர் இறங்கிவிட்டார். முன்வரிசையில் ஒருவர், "கோச்சிங் சென்டர் பேரை மறைக்கிறார் பாருங்கோ" என்று பக்கத்து நாற்காலியிடம் சொன்னார். சாய்நாத் ஒலிபெருக்கியை வாங்கி, இதற்குப் பெயர்தான் அடக்கம் என்று விளக்கினார். அப்புறம்தான் கைதட்டினார்கள்.

ஃபாரூக்கின் உரையால் பயனில்லை என்பதால், அவருடைய கோப்பிலிருந்த எதிர்ப்பை மட்டும் வாரியம் அச்சிட்டு 'மாதிரி எதிர்ப்பு' என்று எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பியது. அது யார் சொன்னது என்று சாய்நாத் விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்தார். இப்போது நான் வாரியத்தின் கௌரவப் பயிற்றுநர். ஆபீஸ் விட்டதும் வாரத்தில் நான்கு நாள் என் வீட்டிலிருந்தே கணினி வழியாக வகுப்பு எடுக்கிறேன். 'பதின்பருவப் பிள்ளைகளைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி' என்பது பாடம். பெற்றோர் கூட்டம் அலைமோதுகிறது.

போன வியாழக்கிழமை வகுப்பு நடுவில் என் மகள் ஹம்சினி வாசற்படியில் வந்து நின்றாள். பிளஸ் ஒன் படிக்கிறாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"கிளாஸ் போயிண்டிருக்கு. அப்புறம்."

வகுப்பு முடிந்ததும் நீரஜாவைக் கேட்டேன். "ஹம்சினி என்னமோ சொல்ல வந்தாளே, என்னது?"

"கீழ ஃபாரூக் பாய்கிட்ட போய்ச் சொல்லிட்டு வந்துட்டாளாம்" என்றாள். "அவர் அரை மணி நேரம் கேட்டுட்டு, சரின்னுட்டாராம்."

"எதுக்குச் சரின்னார்?"



"நான் கேக்கலையே" என்றாள்.