நலம் விசாரிக்கும் பெட்டி

ஆயுசில் ஒரு தடவையாவது மனைவி ஆவுடையம்மாளை ஏமாற்றிவிட வேண்டும் என்று சங்கரசுப்பு முடிவெடுத்தார். நல்ல காரியத்துக்காகத்தான். போன மாதம் அவள் புறவாசல் குழாயடியில் விழுந்து கிடந்தாள். அவர் முன்கட்டில் டிவியைச் சத்தமாக வைத்துச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் கிடந்தாளோ, யாருக்குத் தெரியும்? "கால் வழுக்கிருச்சு" என்று அவள் சுருக்கமாக முடித்துவிட்டாள். அவருக்குத்தான் அன்றிலிருந்து டிவி பார்க்கவே பிடிக்கவில்லை. பயம் உள்ளே புகுந்துவிட்டது.

குவைத்தில் இருக்கும் மகன் லிங்கேஷ் போனில் சொன்னான். "வயசானவங்க விழுந்தா தகவல் சொல்லுத மெஷின்லாம் வந்திருக்குப்பா. பாத்து ஒண்ணு மாட்டுங்க."

ஆவுடையம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு எதுக்கு அது? நான் என்ன பேங்க் லாக்கரா, காவல் போடுததுக்கு?"

சங்கரசுப்பு மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரையே இருட்டாக்கவும் வெளிச்சமாக்கவும் தெரிந்த மனிதருக்கு, வீட்டில் மட்டும் எந்த சுவிட்சும் வேலை செய்ததில்லை. விட்டத்தைப் பார்த்து யோசித்தார். மெஷின் தனக்கு என்று சொல்லி வாங்குவது, வந்த பிறகு நைசாக அவளை அதில் மாட்டிவிடுவது. இதுதான் திட்டம்.

"எனக்குத்தான் ஆவுடை. லேசாத் தலை சுத்துது."

"அப்ப வாங்கிருவோம்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் தலையாட்டியதில்லை. எல்லாம் தன் சாமர்த்தியம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கேமரா கடை ஜெயசிங் ஒரு பை நிறையச் சாமான்களோடு வீட்டுக்கே வந்துவிட்டார். முதலில் கேமராவை எடுத்தார்.

"அண்ணாச்சி விழுந்தா இது படம் பிடிச்சு அனுப்பிரும் மதினி."

"படம் பிடிக்கும். தூக்கிவிடுமா?"

"அதுக்கு ஆள்தான் வரணும்."

"அதை உள்ள வையுங்க தம்பி."

அடுத்து கைக்கடிகாரம். கட்டியிருப்பவர் விழுந்தால் தானாகவே மகனுக்கு போன் போட்டுவிடுமாம். சோதித்துப் பார்க்கச் சங்கரசுப்பு மெத்தையில் விதவிதமாக விழுந்து காட்டினார். கடிகாரம் கண்டுகொள்ளவில்லை. எழுந்து உட்கார்ந்து, தொடையில் ஒரு கொசுவை அடித்தார். குவைத்திலிருந்து லிங்கேஷ் அலறிக்கொண்டு கூப்பிட்டான்.

"கொசுவுக்கு ஆபத்துன்னாத்தான் சொல்லும் போல" என்றாள் ஆவுடையம்மாள். "அதோட இதுக்குத் தினம் சார்ஜ் போடணும். இவுக செல்லுக்கே நான்தான் போடுதேன்."

"கழுத்துல தொங்கவிடுத பட்டன் இருக்கு மதினி. அமுக்கினாப் போதும்."

"துண்டோட சேத்துக் கழட்டி எங்கனயாவது போட்டுருவாக. தேடிக் குடுக்க ஆளு ஏது?"

"நீ இருக்கேல்லா?" என்றார் சங்கரசுப்பு.

அவள் பட்டனை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "வேற காட்டுங்க தம்பி" என்றாள்.

கடைசியாக வந்தது ஒரு சின்னப் பெட்டி. சுவரில் இருந்தபடியே ஆள் நடமாட்டத்தைக் கவனிக்கும். பெயர் சொல்லி நலம் விசாரிக்கும். பதில் வராவிட்டால் மகனுக்கு போன் போகும். கழற்ற வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம். ஆவுடையம்மாள் அதைத் திரும்பத் திரும்பப் பேசவிட்டுக் கேட்டாள். "இவுக காதுக்கு இன்னும் கொஞ்சம் சத்தமா வையுங்க" என்றாள்.

"யாரைப் பாத்துக்கிடணும்னு வீட்டு ஆளுங்க ஒருத்தர் பேரைச் சொல்லணும். அவ்வளவுதான்" என்றார் ஜெயசிங்.

சங்கரசுப்பு காத்திருந்த இடம் இதுதான். கல்யாணமான நாளிலிருந்து ஆவுடையம்மாள் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. அவர் பெயரில் பாதி ஊர்ப் பெயரிலும் இருந்ததால் ஊர்ப் பெயரும் அவள் வாயிலிருந்து போயிற்று. பிறந்த ஊரான பனவடலிசத்திரத்திலிருந்து பஸ் ஏறினால் "கோமதியம்மன் கோயிலுக்கு ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்பாள். புதுக் கண்டக்டர் முழித்தால், மொத்த பஸ்ஸும் சேர்ந்து "சங்கரன்கோவில்" என்று எடுத்துக்கொடுக்கும். அப்படிப்பட்டவள் பெட்டி முன்னால் திணறாமல் என்ன செய்வாள்? "வாங்கினது வீணாப் போக வேண்டாம், உன் பேரையாவது சொல்லி வை" என்று இவர் பெரிய மனது பண்ணுவார். அவள் வாயாலேயே அவள் மாட்டிக்கொள்வாள். இவர் அவள் பெயரைச் சொன்னால் வயரைப் பிடுங்கி எறிவாள், தானே சொன்னதை எப்படி மறுப்பாள்? அதன்பிறகு ஒருபோதும் அவள் குழாயடியில் கேட்பாரற்றுக் கிடக்க மாட்டாள்.

"நீயே சொல்லு ஆவுடை" என்றார், சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பெட்டிக்கு நேராக நின்றாள்.

"சங்கரசுப்பு" என்றாள்.

துளியும் தடுமாற்றமில்லை. கணீரென்று விழுந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"ஏட்டி, என்ன சொன்ன?"

"உங்க பேரைத்தான் சொன்னேன்."

"உனக்கு எப்படி வாய் வந்துச்சு?"

"பக்கத்து வீட்டுத் தறி ஓடும்போது சொல்லிச் சொல்லிப் பழகுனேன். அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கப்போகுது?"

"எதுக்குட்டி இதெல்லாம்?"

அவள், சமையலுக்கு என்ன வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"அன்னைக்கு வழுக்கலைங்க. மயக்கம். பாளையங்கோட்டைக்கு வளைகாப்புன்னு போனேன்லா, அங்கன வளைகாப்பே இல்ல. ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். உள்ள ரொம்பப் பரவிட்டுதாம். வைத்தியம் பாத்தாலும் கொஞ்ச நாள்தானாம். லிங்கேஷ்ட்ட சொல்லிட்டேன். மெஷின் வாங்கச் சொல்லி உங்ககிட்ட அவனைப் பேசவச்சதும் நான்தான். எனக்கு எதுக்கு இனிமே காவல்? உங்களை யாரு பாத்துக்கிடுவான்னுதான் கிடந்து தவிச்சேன்."

ஜெயசிங் பையைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டார்.

சங்கரசுப்பு அவளிடம் எத்தனையோ தடவை தோற்றிருக்கிறார், சிரித்துக்கொண்டே தோற்றிருக்கிறார். இந்தத் தோல்வியை அவரால் தாங்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்தார். வளையல் முழங்கை வரை ஏறிப்போனது. இவ்வளவு மெலிந்திருக்கிறாள், பக்கத்திலேயே இருந்து அதைக்கூடப் பார்க்கவில்லையே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"சங்கரசுப்பு, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டது பெட்டி.

அவர் அவள் கையை விடவில்லை. பெட்டி மறுபடியும் கேட்டது.

"சொல்லுங்க. சொல்லலேன்னா பிள்ளைக்கு போன் போயிரும், பயந்துருவான்" என்றாள் ஆவுடையம்மாள். அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். "நான் இருக்கும்போதே பழகிக்கிடுங்க."

"நல்லா இருக்கேன்" என்றார் சங்கரசுப்பு.

"மகிழ்ச்சி" என்றது பெட்டி.