முனிராஜின் இங்கிலீஷ் கோபம்

பெண்டாட்டியை ஒரு தடவையாவது வாய் விட்டுத் திட்டிவிடுவது என்று முனிராஜ் தீர்மானித்தான். சிக்கல் பாஷையில் இருந்தது. தமிழில் அவன் ஒன்று சொன்னால் எல்லம்மா ஒன்பது சொல்வாள். கன்னடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மார்க்கெட்டுக்குப் போய்ப் போய் உருதும் பழகிவிட்டது.

மிச்சம் இருந்தது இங்கிலீஷ்.

ஒக்கலிபுரத்து ரயில்வே ஷெட்டில் அவனுக்கு ஃபோர்மன், ஆங்கிலோ இந்தியரான ஓஸ்வால்ட் துரை. நட்டு சிக்கிக்கொண்டால் "பிளாஸ்ட்" என்று திட்டுவார். போல்ட் உடைந்தால் "டேம்" என்பார். அவ்வளவுதான், முகம் தெளிந்துவிடும். வயிற்று வலிக்குக் கஷாயம் குடித்த மாதிரி சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு போய்விடுவார். இத்தனூண்டு வார்த்தைக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று முனிராஜுக்கு ஒரே ஆச்சரியம்.

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். தட்டில் பாகற்காய்.

"பிளாஸ்ட்," என்றான் நிதானமாக. நிஜமாகவே நெஞ்சு லேசானது.

"என்னங்க சொன்னீங்க?"

"இங்கிலீஷ். ரொம்பப் பிரமாதம்னு அர்த்தம்."

"அப்படியா? பட்டாசு வெடிச்ச மாதிரி இருக்குதே," என்று எல்லம்மா இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள்.

மறுநாளும் பாகற்காய். அதற்கு மறுநாளும். பிரமாதம் என்று சொன்னதை எந்த வாயால் வேண்டாம் என்பது? மென்று முழுங்கினான்.

சனிக்கிழமை அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "ஆனேக்கல்லேருந்து என் தம்பி கோவிந்தப்பா நாளைக்கு வர்றான். அங்க வேலை போயிடுச்சாம். இங்க தேடணுமாம்."

இருப்பதோ ஒற்றை அறை. கோவிந்தப்பாவின் குறட்டையோ மேடேறும் ஓசூர் பஸ்.

"டேம்," என்றான் முனிராஜ்.

"டேம்னா? கன்னம்பாடி அணைக்கட்டா?"

"இது வேற டேம்." அர்த்தம் கிடைக்காமல் முழித்தான்.

"அணை வந்த தண்ணிய நிறுத்தி வைக்குதில்ல? அந்த மாதிரி வந்தவங்களைப் போக விடாம நிறுத்தி வைக்கிறதா?"

"அதேதான்," என்றான், பிழைத்த சந்தோஷத்தில்.

மறுநாள் கோவிந்தப்பா டிரங்குப் பெட்டியோடு வாசலில் தயங்கி நின்றான். "மாமா, உங்களுக்குச் சிரமம் இல்லையே?"

முனிராஜ் வாயைத் திறப்பதற்குள் எல்லம்மா முந்திக்கொண்டாள். "மாமா நேத்தே இங்கிலீஷ்ல சொல்லிட்டாருடா. வேலை கிடைக்கிற வரைக்கும் உன்னைப் போக விடக் கூடாதாம்."

பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து காலைத் தொட்டான். பெட்டியை முனிராஜே உள்ளே தூக்கி வைத்தான்.

சாயங்காலம் தெருமுனையில் துரையின் சம்சாரம் நோராவைப் பார்த்தான்.

"உன் பெண்டாட்டி ரொம்பக் கெட்டிக்காரி, முனிராஜ்," என்றாள் நோரா. "திங்கக்கிழமை சாயந்தரம் வந்து, பிளாஸ்ட்னா என்னம்மா, கோபம் வந்தா துரை வேற என்னல்லாம் சொல்வாருன்னு ஒண்ணொண்ணா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுப் போனா."

விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தான் முனிராஜ்.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் இப்படிப் பண்ணினியா?"

எல்லம்மா பாயை உதறிக்கொண்டிருந்தாள். "திட்டினதும் நீங்க, அர்த்தம் சொன்னதும் நீங்க. ரெண்டுல எதை வெச்சுக்கலாம்னு பாத்தேன். அர்த்தம்தான் நல்லா இருந்துச்சு. கொஞ்சம் தள்ளிக்குங்க, தம்பி படுக்கணும்."