எட்டடியாரும் இருபத்திரண்டு மூட்டைகளும்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே வாழும் மக்களைக் காது படைத்தவர்கள், படைக்காதவர்கள் என்று இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர்தான் எங்கள் எட்டடியார்.

திண்டிவனத்தில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே எட்டடி, கேட்பவர் நாற்காலிக்கும் அவற்றுக்கும் எட்டடி; அந்த முக்கோணத்தின் முனையில் மட்டுமே சங்கீதம் உயிரோடு இருக்கும் என்பது அவர் கொள்கை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப் இருக்கும். அதிகாரி அழைத்தால்கூட எட்டடி தள்ளித்தான் நிற்பார்.

“கிட்ட வாய்யா!”

“கிட்ட வந்தா உங்க குரல்ல பேஸு தூக்கலா ஆயிடுது சார். இங்கேர்ந்து கேட்டாதான் பேலன்ஸா இருக்குது.”

பல ஆண்டுகள் ஆசைப்பட்டு, ஒருவழியாகப் புதுச்சேரியில் ஒரு கடையில் ஸ்பீக்கர் பார்க்கத் தொடங்கினார். ஐந்து சனிக்கிழமைகள் போனார். “ஏசிய நிறுத்துப்பா. ஃபேன நிறுத்துப்பா. நீயும் கொஞ்ச நேரம் மூச்ச நிறுத்துப்பா” என்று விற்பனையாளரிடம் கேட்டுக்கொண்ட ஒரே வாடிக்கையாளர் அவராகத்தான் இருக்கும். ஸ்பீக்கர் முடிவானதும் அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயருக்கு நோட்டுப் போட்டுப் பத்துப் பொருத்தம் பார்த்தார். மூன்று வரன்களைத் தட்டிக் கழித்துவிட்டு என்னிடம் காரணம் சொன்னார்.

“ஒண்ணுத்துக்குக் கோவம் ஜாஸ்தி மேடம், குரல முன்னாடி தள்ளிக்கினு வருது. ஒண்ணு சோம்பேறி. இன்னொண்ணு நல்ல பையன்தான், ஆனா நம்ம பொண்ண ஆட்டிவைக்கத் தெம்பு பத்தாது.”

நான்காவது வரன் அமைந்தது. விக்கிரவாண்டி அருகே அவருடைய வீட்டுக் கூடத்தில் கிருகப்பிரவேசமும் நடந்தது. பாட்டென்றால் எழுந்து போய்விடும் அவருடைய மனைவி மல்லிகாவே, “பாடறவங்க நம்ம கூடத்துல சம்மணம் போட்டுக்கினு பாடறாப்பல இருக்குதுங்க” என்றாராம். மறுநாள் அலுவலகத்தில் எட்டடியாரின் கால் தரையில் பாவவில்லை.

பத்தே நாள். எட்டடியார் முகம் தொங்கியது.

“போச்சு மேடம். மொத நாள் தம்புரா தனியா, மிருதங்கம் தனியா நின்னுக்கினு இருந்துச்சு. இப்ப எல்லாம் கலந்துக்கினு கெணத்துக்குள்ளேர்ந்து கத்தறாப்பல இருக்குது.”

வயரை மாற்றினார். அதிர்வு தாங்கட்டும் என்று மல்லிகாவின் அம்மிக்கல்லை ஸ்பீக்கருக்கு அடியில் கொடுத்தார். பொருத்தம் பார்த்து முடித்த ஆம்ப்ளிஃபயரையே சந்தேகப்பட்டார். அம்மி பறிபோனதில் மல்லிகா கெடு விதித்தார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் முதல் நாள்போல் கேட்காவிட்டால், இரண்டு பெட்டிகளும் புதுச்சேரிக்கே திரும்ப வேண்டும். கடைக்காரர்கள் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்த கடைசி நாளும் அதற்கு மறுநாள்தான்.

“நீங்க வந்து ஒருதரம் கேளுங்க மேடம். உங்களுது புஸ்தகம் படிச்ச காது” என்று கெஞ்சினார்.

ஞாயிறு காலை போனேன். அதுவரை எவரையும் உட்காரவிடாத அந்த முனை நாற்காலியில் என்னை அமர்த்திவிட்டு, அவர் வாசற்படியில் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்போல நின்றார். பாட்டு தொடங்கியது. அவர் சொன்னது மெய், கிணறேதான். ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர் பழுப்பேறியிருந்தது. ஆனால் தரையிலிருந்து ஆளுயரத்துக்கு ஒரு பகுதி மட்டும் புதுச் சுண்ணாம்புபோலப் பளிச்சென்றிருந்தது.

“இங்கே என்ன இருந்தது?” என்றேன்.

“மல்லாட்டை மூட்டைங்க” என்று நிலக்கடலையை ஊர்ப்பெயரில் சொன்னார் மல்லிகா. “இருபத்திரெண்டு மூட்டை. அந்தப் பொட்டி வந்த மறுவாரமே வண்டியில ஏத்தி அனுப்பிட்டோம்.”

 முன்பு மூட்டைகள் உறிஞ்சிக்கொண்ட பாட்டு இப்போது வெற்றுச் சுவரில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. பிறகு எட்டடியார் செருப்புகூட இல்லாமல் தெருவில் ஓடினார். அரை மணியில் பக்கத்து வீட்டாரின் மல்லாட்டை மூட்டைகள் டிராக்டரில் வந்திறங்கின. ஒவ்வொரு மூட்டை ஏறியபோதும் ஒவ்வொரு வாத்தியமாகக் கிணற்றிலிருந்து கரையேறியது.

“இன்னும் ரெண்டு அடுக்குங்க, மிருதங்கத்துக்கு வலது கை வரல!” என்று அவர் கூவினார்.

“அப்ப வருசம் பூரா மல்லாட்டையை விக்காம கூடத்துலயே வச்சிக்கினு குந்தணுமா?” என்றார் மல்லிகா. அம்மியைத் தூக்கிக்கொண்டே, அவரே வழியும் சொன்னார். உடைத்த மல்லாட்டையின் தோலை அடைத்த இருபத்திரண்டு மூட்டைகள் இன்றும் அந்தக் கூடத்தில் இருக்கின்றன. பெட்டிகளும் இருக்கின்றன. எட்டடியிலிருந்த நாற்காலி மட்டும் இப்போது இருவர் உட்காரும் பெஞ்சாகிவிட்டது. அதனால் முக்கோணம் கெடுவதைப் பற்றி எட்டடியார் பேசுவதில்லை.

நான் மாற்றலாகி வந்தபோது அவர் எனக்குத் தந்த பரிசு, அந்த இஞ்ச் டேப். என்னிடம் இருப்பதோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரேடியோ. ஆனாலும் எட்டடி அளந்துதான் உட்காருகிறேன்.