எண்பத்தொன்பதை நூறாக்கியவர்

சைக்கிள் சங்கத்திலிருந்து அன்று வந்தவர்கள் ஆறு பேர். நோர்பேர், அவர் மனைவி யுகெத், சர்க்கரைக் கிழங்கு பயிரிடும் ஃபெர்னான், அவர் மனைவி லிலியான், ஓய்வுபெற்ற தபால்காரர் எத்மோன், மருந்துக்கடை கிஸ்லேன். சைக்கிள் ஆறு. தண்ணீர் பாட்டில் பன்னிரண்டு. உதிரி டியூப் ஒன்பது.

இந்த ஆறு பேரில் ஐந்து பேர் சதிகாரர்கள். யுகெத் மட்டும்தான் நல்லவள் என்று மற்ற ஐவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

சதிக்குத் தலைவர் நோர்பேர். பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். கூச்ச சுபாவம். ரொட்டிக் கடையில் கூட்டம் இருந்தால் வெளியே நின்றுவிட்டு, கூட்டம் போன பிறகு உள்ளே போகிறவர். தானியக் கூட்டுறவின் எடை மேடையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தார். ஒரு கிலோ கூட்டியதில்லை, ஒரு கிலோ குறைத்ததில்லை. அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் செய்த முதல் மோசடி, கட்டிய மனைவியிடம்.

யுகெத்துக்கு எழுபத்தொரு வயது. வயிற்றில் ஒரு கட்டி. செவ்வாய்க்கிழமை தூர் நகரத்தில் ஆபரேஷன். அதற்கு முந்திய ஞாயிறு, செப்டம்பரின் கடைசி ஞாயிறு. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அந்த ஞாயிறன்று இருவரும் சேர்ந்து நூறு கிலோமீட்டர் ஓட்டுவார்கள். நாற்பத்தைந்து நூறு முடிந்திருந்தது.

“இந்த வருஷம் வேண்டாமே,” என்று நோர்பேர் ஆகஸ்டிலேயே ஆரம்பித்தார்.

“ஏன்?”

“காத்து அதிகமா இருக்கும்.”

“போஸ் சமவெளியில காத்து இல்லாத ஞாயிறு எது? ஒண்ணு சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

“அடுத்த வருஷம் சேர்த்து இருநூறா ஓட்டிடலாம்.”

யுகெத் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “அடுத்த வருஷத்துக்கு நீங்க சீட்டு வாங்கி வெச்சிருக்கீங்களா? நூறுன்னா நூறு. தொண்ணூத்தொன்பதுன்னா நான் சைக்கிளை விட்டு இறங்கமாட்டேன்.”

நோர்பேர் டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டார். ஓட்டட்டும், கொஞ்சம் குறைத்து ஓட்டட்டும் என்றார் டாக்டர். எவ்வளவு குறைத்து என்று கேட்டார் நோர்பேர். அதையெல்லாம் கணக்காகச் சொல்ல முடியுமா என்று டாக்டர் சிரித்தார். நோர்பேருக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்காகச் சொல்ல முடியாத விஷயங்களை அவருக்குப் பிடிக்காது.

வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்தார். லுவார் ஆற்றங்கரைக்குப் போய்த் திரும்பினால் நூறு. பெரிய லுவார் அல்ல, அதன் பெயரை வைத்துக்கொண்டு ஓடும் சின்ன ஆறு. வயல்களுக்கு நடுவே குறுக்கே போகும் பாதைகளில் போனால் எண்பத்தொன்பதில் முடியும். பதினொன்று மிச்சம்.

ஆனால் யுகெத்தின் கைப்பிடியில் மீட்டர் இருக்கிறது. அது எண்பத்தொன்பதை எண்பத்தொன்பது என்றுதான் சொல்லும். அந்த மீட்டருக்குச் சக்கரத்தின் சுற்றளவை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். யுகெத்தின் சக்கரம் 2105 மில்லிமீட்டர். அதையே 2365 என்று சொல்லிவிட்டால், எண்பத்தொன்பது ஓடும்போது மீட்டர் நூறு என்று சத்தியம் செய்யும். நோர்பேர் ஒரு பேப்பரில் மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று முறையும் வியர்த்தது.

ஃபெர்னானின் கொட்டகையில் சதி ஆலோசனை நடந்தது.

“பொண்டாட்டியை ஏமாத்த இவ்வளவு கணக்காப்பா?” என்றார் ஃபெர்னான். “நானெல்லாம் வெறும் வாயாலேயே ஏமாத்திடுவேன்.”

“ஏமாத்திட்டதா நெனச்சுக்கிட்டிருக்கார்,” என்றாள் லிலியான்.

கிஸ்லேனுக்குத்தான் பெரிய கவலை. “எல்லாரும் மீட்டரைக் கழட்டிடுவீங்க, சரி. என்னோடது வானத்துலருந்து அளக்குது. அதை எப்படிச் சமாளிக்கிறது?”

“வீட்டுல வெச்சுட்டு வா.”

“அது இல்லாம ஓட்டினா ஓட்டின மாதிரியே இருக்காதேய்யா! அப்புறம் எதுக்கு ஓட்டணும்?”

“யுகெத்துக்காக,” என்றார் நோர்பேர்.

கிஸ்லேன் மீட்டரை அங்கேயே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எத்மோன் ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் எதையோ பார்த்தார். வெளியே கிழங்கு வயல் மட்டும்தான் இருந்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். அறுவடை முடிந்த வயல்கள். தூரத்தில் தானியக் கோபுரம். அதைப் பிடிக்க அரைமணி நேரம் மிதிக்க வேண்டும். தென்மேற்குக் காற்று நேராக முகத்தில் அடித்தது. அந்தப் பக்கத்து வழக்கமே அதுதான். தெம்பு இருக்கும்போது காற்றை எதிர்த்துப் போய்விட வேண்டும். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும்.

ஐந்து பேரும் யுகெத்துக்கு முன்னால் சாய்வாக வரிசை கட்டி, காற்றை மறைத்தார்கள்.

“என்னங்க இது? உங்க அஞ்சு பேர் முதுகைப் பாக்கத்தான் நான் வந்தேனா?” என்றாள் யுகெத். “ஃபெர்னான், நகரு. உன் பின்னால வந்தா எனக்கு வானமே தெரியல.”

“நான் இளைச்சிருக்கேன், யுகெத்.”

“யாரு சொன்னது? உன் மீட்டரா?”

மீட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் நோர்பேரின் சைக்கிள் ஒரு முழம் ஆடியது.

பத்து கிலோமீட்டர் போயிருப்பார்கள். யுகெத் மறுபடி ஆரம்பித்தாள்.

“ஏங்க, இன்னிக்கு கிலோமீட்டர் கல்லு ஒண்ணுகூடக் காணோமே?”

வயல் பாதையில் கல் எப்படி இருக்கும்? கல் இருந்தால் கணக்கு வெளிப்பட்டுவிடும் என்றுதானே அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தார்?

“பிடுங்கிட்டாங்க போல,” என்றார் நோர்பேர்.

“யாரு?”

“அரசாங்கம்.”

“எதுக்கு?”

“பெயின்ட் அடிக்க.”

ஃபெர்னானுக்கு இருமல் வந்தது. அடுத்த கிராமம் வரை நிற்கவில்லை.

சமவெளி சட்டென்று முடிந்து பாதை பள்ளத்தாக்கில் இறங்கியது. கீழே ஆறு. எதிரே லாவார்தேன் கிராமத்தின் இடிந்த கோட்டை. அதன் அடியில், தண்ணீருக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தார்கள். ரொட்டி, பன்றிக் கொழுப்பு விழுது, ஆட்டுப்பால் சீஸ், பேரிக்காய்ப் பணியாரம், வெள்ளை ஒயின் இரண்டு பாட்டில்.

யுகெத் சாப்பிடவில்லை. அவள் சரியாகச் சாப்பிட்டு நாற்பது நாள் ஆகிறது. யாரும் வற்புறுத்தவில்லை.

“நீங்க சாப்பிடுங்க. நான் தேவாலயத்துல மெழுகுவர்த்தி ஏத்திட்டு, சுவர்ச் சித்திரத்தைப் பாத்துட்டு வர்றேன். ஒரு மணி நேரம் ஆகும்.” மீட்டரைக் கைப்பிடியிலிருந்து கழற்றி நோர்பேரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “இதைப் பத்திரமா வெச்சுக்கோங்க. தேவாலய வாசல்ல சைக்கிளை விட்டா எவனாவது எடுத்துக்கிட்டுப் போயிடுவான்.”

நோர்பேர் மீட்டரைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டார். இவள் என்னை எவ்வளவு நம்புகிறாள் என்று நினைத்தார். வாயிலிருந்த ரொட்டியை ஒயினை ஊற்றி இறக்கினார்.

அவள் திரும்பி வரும்போது முகம் வெளுத்திருந்தது, நெற்றி நனைந்திருந்தது. வெகுநேரம் முழங்காலிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பும்போது காற்று சொன்னபடி முதுகைத் தள்ளியது. யுகெத் அதிகம் பேசவில்லை. கடைசி இருபது கிலோமீட்டரில் நோர்பேர் அவள் பக்கத்திலேயே ஓட்டி, ஒரு கையை அவள் இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அவள் அதைத் தட்டிவிடவில்லை. நாற்பத்தாறு வருஷத்தில் அவள் தட்டிவிடாதது அன்றுதான். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

வீட்டு வாசலில் மீட்டர் நூறு காட்டியது.

“நூறு!” என்று கத்தினார் எத்மோன். எல்லோரும் கை தட்டினார்கள். லிலியான் அழுதேவிட்டாள். நோர்பேர் தரையைப் பார்த்துக்கொண்டு தட்டினார்.

யுகெத் சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். மூச்சு வாங்கி முடிக்கும் வரை கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு சொன்னாள்:

“நன்றி. எனக்கு நூறு ஆச்சு. உங்களுக்கெல்லாம் எண்பத்தொன்பது.”

கைதட்டல் ஒவ்வொருவரிடமாக நின்றது. கிஸ்லேன் கடைசியாக நிறுத்தினார்.

“தேவாலயத்துக்குப் போகலையா?” என்றார் நோர்பேர்.

“ஆத்தங்கரை ரோட்டுல போனேன். அங்க அரசாங்கம் கல்லைப் பிடுங்கல. அஞ்சு கல்லு தாண்டி, ஆறாவது கல்லுக்குப் பாதி வழியில ஒரு பாலம். அங்க திரும்பினேன். அஞ்சரையும் அஞ்சரையும் பதினொண்ணு.”

“உனக்கு எப்படி…”

“கால்சட்டையைத் துவைக்கப் போடுறப்போ பையைப் பாக்கணும்னு எத்தனை வருஷமா சொல்றேன்? கணக்கு சரியாத்தான் போட்டிருந்தீங்க. நானும் ஒருதரம் போட்டுப் பாத்தேன்.”

ஃபெர்னான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். “வாயாலேயே ஏமாத்தியிருக்கலாம்,” என்று முணுமுணுத்தார். லிலியான் அவரை இழுத்துக்கொண்டு போனாள். மற்றவர்களும் கிளம்பினார்கள்.

நோர்பேர் சமையலறையில் மண்டியிட்டு அவள் ஷூவைக் கழற்றினார். அவளால் குனிய முடியவில்லை.

“பேப்பரைப் பாத்த அன்னிக்கே என்னைத் திட்டியிருக்கலாமே?”

“திட்டியிருந்தா நீங்களும் என்கூட நூறு ஓட்டியிருப்பீங்க. அப்போ உங்களுக்குப் பாக்கியே இருந்திருக்காது.”

“எனக்குப் பாக்கி எதுக்கு?”

“நான் இல்லாத வீட்டுல நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியாதா? நாற்காலியைப் போட்டு உக்காந்து சுவத்தைப் பாப்பீங்க. குளிக்கமாட்டீங்க. யாராவது வந்தா கூச்சப்பட்டுக் கதவைத் திறக்கமாட்டீங்க. ஆனா ஒரு கணக்கு பாக்கி நின்னா உங்களால உக்கார முடியாது. எழுந்துதான் ஆகணும்.”

நோர்பேர் இன்னொரு ஷூவின் முடிச்சை வெகுநேரம் அவிழ்த்தார். அதில் முடிச்சே இல்லை.

“நாளைக்கே பதினொண்ணையும் ஓட்டி முடிச்சிடறேன்,” என்றார்.

“முடிப்பீங்க, தெரியும். அதெல்லாம் கூடாது. ஞாயிறுக்கு ஒண்ணு. ஒண்ணுக்கு மேல கூடாது.”

“ஒரு கிலோமீட்டரா? ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். எனக்கு வந்து சொல்லணும், பாக்கி எவ்வளவுன்னு.”

பதினோரு ஞாயிறு. டிசம்பர் பாதி வரை வரும். நோர்பேர் அதோடு இன்னொரு கணக்கும் ரகசியமாகப் போட்டுக்கொண்டார். பாக்கி இருக்கும் வரை, பாக்கி எவ்வளவு என்று கேட்க அவள் இருந்தாக வேண்டும். இந்தக் கணக்கைப் பேப்பரில் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை வயிற்றைத் திறந்தார்கள். பார்த்தார்கள். எதையும் வெட்டாமல் மூடித் தைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து நோர்பேரின் தோளில் கை வைத்தார். எத்தனை தையல் என்று கேட்டார் நோர்பேர். பதினேழு என்றார் டாக்டர்.

அடுத்த ஞாயிறு காலை வாசலுக்கு ஐந்து பேர் வந்தார்கள். அதாவது நோர்பேரும் மற்ற நால்வரும். எல்லோருக்கும்தான் பதினொன்று பாக்கி. சங்கத்துச் சட்டை, ஹெல்மெட், கையுறை, நிரப்பிய தண்ணீர் பாட்டில்கள், உதிரி டியூப். பெரிய ரோட்டில் முதல் கல் வரை ஓட்டினார்கள். நாலு நிமிஷம் ஆனது. கல்லைத் தொட்டார்கள். டிராக்டரில் போனவன் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனான். பிறகு வீட்டுக்குத் திரும்பினார்கள். நோர்பேர் நோட்டில் எழுதினார்: பாக்கி பத்து.

மத்தியானம் ரயிலேறி ஆஸ்பத்திரிக்குப் போனார். யுகெத் தலையணையில் சாய்ந்திருந்தாள். ஒரு வாரத்தில் பாதி ஆளாகியிருந்தாள். கண் மட்டும் முழுசாக இருந்தது.

“போனீங்களா?”

“போனோம். எல்லாரும் வந்தாங்க.”

“குளிச்சீங்களா?”

“குளிச்சேன்.”

“பாக்கி எவ்வளவு?”

“பத்து,” என்றார் நோர்பேர். நோட்டைத் திறந்தே காட்டினார். பத்து ஞாயிறு அவர் கையில் பத்திரமாக இருந்தது.

யுகெத் எழுத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“கல்லுலருந்து வீட்டுக்கு எப்படி வந்தீங்க?”

“எப்படின்னா? ஓட்டிக்கிட்டுத்தான்…”

முப்பத்தெட்டு வருஷம் எடை மேடையில் நின்றவர் வாயைத் திறந்தபடியே நின்றார்.

“அடுத்த வாரம் தள்ளிக்கிட்டு நடந்து வாங்க,” என்றாள் யுகெத், அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு. “அவசரம் என்ன?”

நோர்பேர் பென்சிலை எடுத்துப் பத்தை அடித்தார். பக்கத்தில் எழுதினார்: ஒன்பது.