பதினான்கு பக்கம் நனைந்த நிரூபணம்

செண்டாய்
மார்ச் 5, இரவு பன்னிரண்டு தாண்டி

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய தொமோயோ சித்திக்கு, அக்கா மகள் மிசுஸு வணங்கி எழுதுவது.

ஹகோதாதேயில் இன்னும் பனி கொட்டுகிறது என்று டிவியில் சொன்னார்கள். படகுத்துறையில் டிக்கெட் கொடுக்க உட்காரும்போது காலுறை இரண்டாகப் போட்டுக்கொள்ளவும். இங்கே பிளம் மரம் பூத்துவிட்டது. பருவநிலையைக் கேட்காமல் விஷயத்துக்கு வருவது மரியாதையில்லை என்று எங்கள் வகுப்பு ஆசிரியை சொல்லியிருக்கிறார், கேட்டுவிட்டேன். சித்தி, அம்மாவின் வேலை போகப்போகிறது. இந்த வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

புத்தாண்டுக்கு வந்தபோது அம்மா பல்கலைக்கழகத்தில் என்னதான் செய்கிறார் என்று கேட்டீர்கள். அப்பா, "யாருமே பேசாத மொழிக்கு இலக்கணம் எழுதுறா" என்றார், அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, ஆனால் அப்பா சொன்னது ஏறக்குறைய சரி. பல கம்ப்யூட்டர்கள் ஒரே சமயத்தில் ஓடும்போது ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எழுத்து வைப்பார்கள். செயல்கள் நடக்கும் வரிசை ஒரு சொல். நடக்கக்கூடிய எல்லாச் சொற்களும் சேர்ந்தால் ஒரு மொழி. ஒருவரை ஒருவர் தடுத்துக்கொண்டு எல்லோரும் மாட்டிக்கொள்ளும் சொல் அந்த மொழியில் வருமா வராதா என்பதுதான் அம்மாவின் ஆறு வருட வேலை. வேலையை ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு வருடத்துக்கு மட்டும் நீட்டிப்பார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு நாற்பது பேர் முன்னால் பேசுகிறார். கியோத்தோவிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் ஹிரானுமா தலையசைத்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு சரி.

அவர் இன்றிரவு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். எங்கள் சாப்பாட்டு அறைக் கதவு எவ்வளவு குறுகல் என்று உங்களுக்குத் தெரியும். அம்மா கை நீட்டி, "நீங்க மொதல்ல போங்க, சென்செய்" என்றார். அவரும் குனிந்து, அம்மாவையும் ஆசிரியர் என்றே அழைத்து, "அதெப்படி, உங்க வீடு, நீங்க மொதல்ல போங்க, சென்செய்" என்றார். சரி என்று இருவரும் ஒரே நேரத்தில் காலெடுத்து வைத்தார்கள், ஐயோ என்று ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள், ஒரு மூச்சு பொறுத்தார்கள், மறுபடி இருவரும் முன்னால், மறுபடி இருவரும் பின்னால். இரண்டு கையாலும் ஒழுங்காகக் குனிய வேண்டும் என்று பேராசிரியர் தான் வைத்திருந்த அம்மாவின் ஆராய்ச்சிக் கட்டுரையைத் தரையில் வைத்தார். நான் பதினொன்று வரை எண்ணினேன். பின்னால் கொதிக்கும் சூப்புச் சட்டியோடு நின்ற அப்பா, "யாராவது ஒருத்தர் மரியாதை இல்லாம உள்ள போங்களேன், கை சுடுது" என்றார். பன்னிரண்டாம் முறை அம்மாவின் முதுகு சட்டியில் இடித்து, சூப்பு கட்டுரை மேல் கொட்டியது. துடைக்க இருவரும் ஒன்றாகக் குனிந்து மண்டையை இடித்துக்கொண்டார்கள். அதற்கும் இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டார்கள்.

பேராசிரியர் விடுதிக்குப் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டார். "மேல பதினாலு பக்கம்தான் நனைஞ்சிருக்கு. காலைக்குள்ள காய வெச்சிடு. அவர் பென்சில்ல குறிப்பு எழுதின பிரதிடி இது, வேற எடுத்துக் குடுக்க முடியாது." மீதிப் பக்கங்களை அம்மா எடுத்துக்கொண்டார். நான் என் அறையில் ஒவ்வொரு பக்கமாகப் பிடித்து ஹேர் டிரையரால் காய வைத்தேன். காயும்வரை வேறு வேலை இல்லை, அதனால் படித்தேன். படித்திருக்கக் கூடாது. பதினான்காம் பக்கத்தின் கடைசியில் இப்படி இருந்தது: "ஒரே வழிக்கு இருவர் வந்தால், தடுக்கப்பட்டவர் பின்வாங்கி, சற்றுப் பொறுத்து, மறுபடி முயல்வார். இந்த விதி இருந்தால் எவரும் முடிவின்றி மாட்டிக்கொள்ள மாட்டார்."

சித்தி, என் கையிலிருந்த டிரையர் தொடையைச் சுட்டதுகூடத் தெரியவில்லை. அம்மாவும் பேராசிரியரும் செய்தது அச்சு அசலாக இதுதான். தடுக்கப்பட்டார்கள், பின்வாங்கினார்கள், பொறுத்தார்கள், முயன்றார்கள். சூப்பு மட்டும் கொட்டாமல் இருந்தால் இன்னும் கதவடியில்தான் நின்றிருப்பார்கள். ஆறு வருட வேலை பொய். ஒருவேளை எனக்குத்தான் புரியவில்லையோ என்று பக்கத்தின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். முன்னால் வந்தால் மு, பின்னால் போனால் பி. மு மு பி பி மு மு பி பி. மேலே தொடங்கி, ஓரமாக இறங்கி, அடிப்பக்கம் திரும்பி, பேராசிரியரின் குறிப்பைச் சுற்றிக்கொண்டு ஏறி, பக்கம் தீர்ந்து போனபோதுதான் கவனித்தேன். பேனாவால் எழுதியிருக்கிறேன்.

இப்போது நான் சொன்னால் அம்மா இன்றிரவே உடைந்துபோவார், சொல்லாவிட்டால் நாளை நாற்பது பேர் முன்னால். எப்படியும் அந்தப் பக்கத்தைப் பேராசிரியர் பார்ப்பார். கணக்கில் நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கிய நான் இதை யாரிடம் சொல்ல? அம்மா உங்கள் பேச்சைத்தான் கேட்பார். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைதான் வரும் என்று தெரியும். ஒன்பது மணிக்கே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள், நான் வேறு என்ன செய்ய?

சித்தப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் துறையில் படகுகள் நேரத்துக்குப் போய்ச் சேரட்டும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும்.

பயத்துடன்,
மிசுஸு

பி.கு.: ஹேர் டிரையர் சத்தத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டார். நான் அழுதுகொண்டே பக்கத்தை நீட்டினேன். "அம்மா, நீ எழுதினது தப்பு." அம்மா கடைசி வரியைப் படித்துவிட்டு, "ஆமா, தப்புதான். தப்புன்னு காட்டத்தானே எழுதியிருக்கேன்" என்றார். பொய் என்று காட்ட வேண்டியதை முதலில் உண்மை மாதிரி எழுதி வைத்துக்கொண்டு, பிறகு உடைப்பதுதான் இவர்கள் வழக்கமாம். பதினைந்தாம் பக்கத்தில் தொடங்கி முப்பத்திரண்டு பக்கம், ஏழு கம்ப்யூட்டர்களை வைத்து உடைத்திருக்கிறாராம். மீதிப் பக்கங்கள் என்னிடம் இல்லாததால் நான் இதற்காக மூன்று மணி நேரம் அழுதிருக்கிறேன்.

ஆகவே மேலே உள்ள எதையும் நம்ப வேண்டாம். அம்மாவின் வேலைக்கு ஆபத்தில்லை.

ஆனால் அதற்குப் பிறகு அம்மா ஓரத்தைப் படித்தார். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். படுக்கையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டே பேரு" என்றார். "இதை உடைக்க நான் ஏழு கம்ப்யூட்டர் வெச்சேன்டி."

அம்மா மு, பி எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார்.

"இந்தச் சொல் எங்க முடியுது?"

"முடியலம்மா. பக்கம்தான் முடிஞ்சுது."

அம்மா பக்கத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு ஸ்கூலுக்கு லீவு. பத்து மணிக்கு நாப்பது பேர் முன்னாடி இதை இப்படியே சொல்லு" என்றார்.