கோபியிலிருந்து ஒரு நேயர்

என் வீட்டில் என் பேச்சு எடுபட வேண்டும் என்று ஒரு நாள் தீர்மானம் போட்டேன். ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

என் பேச்சு எடுபடாததற்குக் காரணம் என் மனைவி குழந்தையம்மாளின் காது மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். சரவணம்பட்டி வட்டாரத்திலேயே கூர்மையான காது அது. ஆனால் ரேடியோவுக்கென்று நேர்ந்துவிட்ட காது. எங்கள் பக்கத்தில் ஒரு சமுதாய வானொலி இருக்கிறது. காலையில் அதில் ‘ஊர் நாயம்’ என்று ஒரு நிகழ்ச்சி. தோண்டிப் போட்டு மூடாத வீதி, வராத தண்ணீர், ஓட்டுக் கேட்க வந்ததோடு சரி என்றிருக்கும் கவுன்சிலர் என்று எல்லாவற்றையும் பற்றி நேயர்கள் போனில் பேசுவார்கள். அதில் யார் எதைச் சொன்னாலும் எங்கள் வீட்டில் அது சட்டம்.

சமையலில் உப்பைக் குறைக்கச் சொல்லி, கல்யாணமான புதிதிலிருந்து சொல்லி வருகிறேன். ஒருநாள் சூலூரிலிருந்து யாரோ ஒரு ரிட்டயர்டு வாத்தியார் அதையே ரேடியோவில் சொன்னார். மறுநாள் ரசத்தில் உப்பே இல்லை.

“உப்புப் பத்தல அம்மணி.”

“வாத்தியார் சொன்னாருங்க.”

“நானும் அதையேதான இத்தனை வருசமாச் சொல்றேன்?”

“நீங்க சொல்லிட்டேதான இருப்பீங்க.”

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டதற்கு ஒரே காரணம் அந்தக் கல் பெஞ்சு. எங்கள் வீதி முடிவில் ஒரு ரிசர்வ் சைட் உண்டு. லே-அவுட் போட்டவர் பூங்காவுக்கென்று விட்ட இடம். பூங்கா வரவில்லை. வேப்பமரமும் முள்ளுச்செடியும் நாலைந்து மயில்களும் வந்தன. மரத்தடியில் பெஞ்சு. சாயங்காலமானால், பொழுதோடு நானும் ஷாஹுல் பாயும் அதில் உட்காருவோம். பாய் டவுனிலிருந்த பாத்திரக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு எங்கள் வீதியில் வீடு கட்டி வந்தவர். மேம்பாலம் முதல் மேற்காசியா வரை நாங்கள் தீர்த்து வைக்காத பிரச்சினை இல்லை. ஆரம்பித்த வாக்கியத்தை நான் முழுதாகச் சொல்லி முடிக்கிற ஒரே இடம் அதுதான்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

“ஏனுங்க, ரிசர்வ் சைட்டைச் சுத்தம் பண்ணி நடைபாதை போடப் போறோமுங்க. வீதிப் பொம்பளைங்க எல்லாம் பேசி முடிச்சுட்டோம்.”

“எதுக்கு?”

“நடக்கத்தானுங்க. காலையில, பொழுதோட.”

“பொழுதோட நாங்க உக்கார்ற நேரமாச்சே?”

“உக்கார உங்களுக்கு ஊட்டுல எடமில்லீங்களா? தேங்கா துருவறப்ப உக்காரலாமே.”

“அந்தப் பெஞ்சு?”

“வழியில கெடக்குது. எடுத்துப்போடுவோம்.”

“இதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன், ஆமா!”

“செரிங்க,” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அவள் ‘செரிங்க’ என்றால் என் கருத்து காதில் விழுந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

பாயிடம் புலம்பினேன்.

“ஊட்டுல நீங்க சொன்னா எங்க கேக்கறாங்க அரங்கசாமி? அந்த ரேடியோவுல போய்ச் சொல்லுங்க, கேப்பாங்க,” என்றார்.

அவர் சும்மாதான் சொன்னார். எனக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. போட்டேன் தீர்மானத்தை.

நல்லவேளையாக அந்த வாரம் ‘ஊர் நாயம்’ ரிசர்வ் சைட்டுகளைப் பற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து பேச முடியாது. அடுப்படியில் ரேடியோ. ஆனால் மொட்டை மாடிக்குப் போக எனக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் மோட்டார் சுவிட்ச் கீழே, டேங்க் மேலே. டேங்க் நிறைந்ததா என்று மாடியில் நின்று பார்த்துச் சொல்கிற உத்தியோகம் என்னுடையது. நான் நிறைந்துவிட்டது என்றால் அவள் சுவிட்சை அணைப்பாள். நான் சொன்னால் மறுபேச்சில்லாமல் நடக்கிற ஒரே காரியம் அது.

டேங்குக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு நம்பரைப் போட்டேன். நிகழ்ச்சி நடத்துகிற பொண்ணு லாஸ்யா எடுத்தது.

“வணக்கங்க, யாரு பேசறீங்க?”

“கோபிசெட்டிபாளையத்துல இருந்து அப்புசாமி பேசறனுங்க.” குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக் கொண்டேன்.

“சொல்லுங்க ஐயா.”

“இந்த ரிசர்வ் சைட்டுல நடைபாதை போடறேன்னு கெளம்பறாங்களே, அது பெரிய தப்புங்க. அங்கெல்லாம் மயிலு இருக்குது கண்ணு. தேசியப் பறவை! அது முட்டை வெக்கற எடத்துல போய் தங்கு தங்குன்னு நடந்தா அது எங்க போகும்?”

“அப்ப பூங்காவே வேண்டாமுங்களா?”

“வேண்டாமுங்க. அப்படியே விட்டுப்போடோணும்.”

“யாருமே போகக் கூடாதுங்களா ஐயா?”

நான் சூடு பிடித்துவிட்டேன். பெஞ்சைத் தவிர வேறெங்கும் இவ்வளவு நேரம் யாரும் குறுக்கிடாமல் நான் பேசியதில்லை. “ஒருத்தருங்கூடப் போகக் கூடாதுங்க! மனுசன் காலடியே படக் கூடாது!”

இதற்குள் கீழேயிருந்து, “ஏனுங்க! டேங்க் நெறைஞ்சுதாங்களா?” என்று சத்தம் வந்தது. நிறைந்துதான் இருந்தது. தலைக்கு மேலே வழிந்து என் சட்டைக்குள் இறங்கிக் கொண்டிருந்தது. ஆனால் கோபியில் இருக்கிறவன் சரவணம்பட்டி டேங்குக்கு எப்படிப் பதில் சொல்வது? வாயை மூடிக்கொண்டு நனைந்தேன்.

“ரொம்ப நன்றிங்க ஐயா,” என்றது லாஸ்யா.

அத்தோடு வைத்திருக்கலாம். ஆனால் யாரோடு பேசினாலும் முடிக்கும்போது சாப்பிடக் கூப்பிடாமல் முடிக்க எங்கள் ஊர் வாய்க்குத் தெரியாது. “அவசியம் ஒருநா ஊட்டுக்கு வாங்க கண்ணு. கேக்கற எல்லாருமே வாங்க. சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும்,” என்று சொல்லி வைத்தேன்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். குழந்தையம்மாள் ரேடியோ முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏனுங்க, கோபிக்காரர் ஒருத்தர் பேசுனாருங்க. எத்தனை வெவரம்! மயிலு இருக்கற எடத்துல நடைபாதை போடக் கூடாதாமா.”

“அப்படியா? யாரு?” என்றேன்.

“அப்புசாமின்னு ஒரு அண்ணன். நாங்க நடைபாதையை விட்டுப்போட்டோமுங்க.”

எனக்கு அங்கேயே ஆட வேண்டும் போலிருந்தது. ஈரச் சட்டையோடு நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்தேன்.

“சாப்பாட்டுக்கு வேற கூப்பிட்டாருங்க. ஞாயித்துக்கிழமை கோபிக்குப் போய் அவரைப் பாத்துட்டு வரலாமுங்களா?”

“சேச்சே, அவருக்கு ஒடம்பு செரியில்ல.”

“உங்களுக்கெப்படித் தெரியும்?”

“குரலைக் கேட்டாத் தெரியாதா?”

“நீங்க மாடியிலயல்ல இருந்தீங்க?”

“நீதான் சத்தமா வெச்சிருந்தியே!”

“செரிங்க,” என்றாள்.

அந்தச் ‘செரிங்க’வை நான் கவனித்திருக்க வேண்டும். வெற்றி கண்ணை மறைத்துவிட்டது.

அன்று பொழுதோடு பெஞ்சுக்குப் போனேன். ஷாஹுல் பாய் வீதியிலேயே நின்றுகொண்டிருந்தார். சைட்டைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருந்தது. முன்னால் ஒரு பலகை. ‘மயில்கள் வசிக்கும் இடம். மனிதர் காலடி படக் கூடாது. ஆலோசனை: நேயர் அப்புசாமி, கோபி.’ உள்ளே மரம் இருந்தது. பெஞ்சைக் காணோம்.

வீட்டுக்கு ஓடினேன். பெஞ்சு எங்கள் வாசலில் கிடந்தது. அதன்மேல் குழந்தையம்மாளும் எதிர்வீட்டு ஹபீபுன்னிசாவும் உட்கார்ந்து நாயம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன அம்மணி இது? உக்கார்றவங்க உக்காந்தா மயிலுக்கு என்ன?”

“ஒருத்தருங்கூடப் போகக் கூடாதுன்னு அண்ணன் சொல்லிப்போட்டாருங்களே.”

“அது... நடக்கறவங்களைச் சொல்லியிருப்பாரு.”

“உங்களுக்கு அவரைத் தெரியுமுங்களா?”

நான் எதற்கு வாயைத் திறக்கிறேன்? போய்த் தேங்காய் துருவினேன்.

மறுநாள் காலை மாடியிலிருந்து பார்த்தால் வலைக்குள்ளே வீதிப் பெண்கள் வரிசையாகச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஆளுக்கொரு கிண்ணம் கையில். திரும்பி வந்தவளை வாசலிலேயே மறித்தேன்.

“மனுசன் காலடி படக் கூடாதுன்னு பலகை இருக்குதே?”

“மயிலுக்குத் தண்ணி வெக்க வேண்டாமுங்களா? வெயில் காலமுங்க.”

“ஒரு கிண்ணத்தை வெக்க எத்தனை சுத்து?”

“மயிலு எந்தப் பக்கம் வருமுன்னு யாருக்குங்க தெரியும்? எல்லாப் பக்கமும் பாக்கோணுமல்ல. பொழுதோடயும் ஒருக்காப் போகோணும்.”

பெஞ்சு போயிற்று. மரத்தடி போயிற்று. ஷாஹுல் பாய் இப்போது தன் வீட்டுப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து மேற்காசியாவைப் பார்த்துக்கொள்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை. நான் கெடுத்ததை நானே சரிசெய்ய வேண்டும். அப்புசாமி மறுபடி பேசி, பெரியவர்கள் இருவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்தால் மயிலுக்குப் பாதகமில்லை என்று சொல்லிவிட்டால் போதும்.

மறுநாள் காலை மோட்டார் போட்டதும் மாடிக்கு ஏறினேன். இந்த முறை தலையில் பிளாஸ்டிக் கவர். டேங்குக்குப் பின்னால் உட்கார்ந்து நம்பரைப் போட்டேன். மணி அடித்தது. தொண்டையைக் கரகரப்பாக்கிக் கொண்டேன்.

கீழேயிருந்து குழந்தையம்மாளின் குரல் வந்தது.

“ஏனுங்க கோபிக்காரரே! டேங்க் நெறைஞ்சா இந்தத் தடவையாச்சும் சொல்லிப்போடுங்க. போன தடவை நான் கேட்டது ரேடியோவுல எனக்கே திரும்பிக் கேட்டுச்சு. நீங்கதான் பதில் சொல்லல.”