மாப்பிள்ளையின் ஆல்பமும் மாடியில் கட்டிய ஹாரனும்

'எனக்குத் தெரியாது' என்று சொல்ல இந்த வயதுவரை எனக்கு வாய் வந்ததில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றதற்கும் (நான் நிற்கவில்லை, நிறுத்தினார்கள்) அதுதான் காரணம்.

மயிலாடுதுறைக்கு வடக்கே, கொள்ளிடக்கரை ஓரம் எங்கள் ஊர். மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். அந்த ஒரு தகுதியில்தான் அக்கா மகள் கயல்விழியின் தலையெழுத்து என் கைக்கு வந்தது.

கயல் விரும்பிய பையன் பிரபு. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, லீவு நாளில் ஒரு பேண்டில் பாட்டு. மெலோடிக் டெத் மெட்டல் என்று ஒரு பாட்டு ரகமாம். அத்தானுக்கு எவனோ அர்த்தம் சொல்லிவிட்டான்.

"கல்யாணம் பேசுற எடத்துல சாவுன்னு ஒரு பேரா? மச்சான், பாட்டு சமாச்சாரம் ஒனக்குத்தான் தெரியும். அவன் பேண்டு போட்ட ஆல்பத்தக் கேட்டுச் சொல்லு. நீ சரின்னா தட்டு மாத்துறேன். இல்லன்னா பேச்சு இதோட முடிஞ்சுது."

கேட்டேன். முதலில் இரண்டு கிட்டார், ஜோடி நாயனம்போல ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. அடடா என்று கண்ணை மூடினேன். அப்போது ஒருவன் உறுமினான். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதென்று கழற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கர் சௌக்கியம். பாடியவனுக்குத்தான் என்னவோ.

சந்தேகம் பிடித்துக்கொண்டது. இது மனுஷத் தொண்டையா? மிஷினில் செய்கிறானா? கஞ்சாவா? வியாதியை மறைத்துப் பெண் கேட்கிறானா? எட்டுப் பாட்டையும் மூன்று தடவை போலீஸ்காரன் மாதிரி கேட்டேன். மூன்றாவது தடவை என் கால் தானாகத் தாளம் போட்டது. உடனே கால் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

நான் அத்தானுக்குப் பதில் சொல்வதற்குள் ஐப்பசி மழையில் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். ஆற்றில் இருகரை தொட்டுத் தண்ணீர். கரை உடைந்தால் ஊருக்குச் சொல்ல, பஞ்சாயத்துக்காக அக்கா வீட்டு மாடியில் நான்கு ஹாரன் ஸ்பீக்கர் கட்டியிருந்தேன். ஆம்ப்ளிஃபையர் கூடத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்த பிரபு, காபியைக்கூட சத்தமில்லாமல் குடித்தான். இந்த ஒல்லிக்குச்சியா உறுமியது?

பையனின் அம்மா, "பொண்ணு ஒரு பாட்டு பாடட்டுமே" என்றார்.

"பாடகர் மாப்பிள்ளைதானுங்களே, அவரே பாடட்டும்" என்று மைக்கை நீட்டினேன்.

"இங்க வேணாம் அங்கிள்" என்று பிரபு நெளிந்தான்.

"ஆல்பத்துல உள்ள மாதிரியே பாடுங்க தம்பி. கொறைக்கக் கூடாது." சுவிட்சைப் போட்டேன். ஹாரன் லைனைக் கழற்ற மறந்திருந்தேன். (முப்பது வருஷ அனுபவம்.)

பிரபு கண்ணை மூடி மூச்சை இழுத்தான். பிறகு விட்டான்.

அக்காவின் பசு முளைக்குச்சியோடு ஓடியது. ஐந்தே நிமிஷத்தில் ஊரே மண்வெட்டியும் மணல் மூட்டையுமாக வாசலில் நின்றது.

"எங்கடா ஒடப்பு?" என்று பஞ்சாயத்துத் தலைவர் மூச்சு வாங்கினார்.

"ஒடப்பு இல்லண்ணே."

"அப்ப கத்துனது எவன்?"

அத்தான் முகம் இருண்டு பிரபு பக்கம் திரும்பியது. கதவோரம் கயல் கண்ணில் தண்ணீர். கெடுத்தது நான்தானே?

"நான்தாண்ணே" என்றேன்.

"நீயா? எங்க, இன்னொரு தடவ கத்து."

அடிவயிற்றிலிருந்துதான் கிளப்பினேன். வழியில் என்ன ஆனதோ, வெளியே வந்தது ஓர் ஆட்டுக்குட்டி. மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஊர் சிரித்தது.

பிரபு எழுந்து கைகூப்பினான். "கத்துனது நான்தாங்க. மன்னிச்சுக்குங்க. கொண்டாந்த மூட்டை வீணாக வேணாம், கரையிலயே அடுக்கிடுவோம்." பட்டுச் சட்டையோடு ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கினான்.

அத்தான் அவன் முதுகையே பார்த்திருந்தார். பிறகு, "சரி மச்சான், ஆல்பம் எப்படி?" என்றார்.

எனக்குக் குரல் போயிருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். தட்டு மாற்றினார்கள்.

என் வாழ்க்கையில் நான் சரியாகச் சொன்ன அபிப்பிராயம் அது ஒன்றுதானாம். இன்றைக்கும் சாம்பாரில் உப்பு போதுமா என்று நான் வாயைத் திறந்தால் கயல் கையெடுத்துக் கும்பிடுவாள்: "மாமா, பேசாதீங்க. தலைய மட்டும் ஆட்டுங்க."